அறிந்து வளர்த்த நாய்: நாய்க்கடிக்கு உடையவன் பொறுப்பேற்ற வரலாறு

ஆங்கில தேசத்தின் சட்டத்திலே 1865 ஆம் ஆண்டு முதல் ஒரு விசித்திரம் நிலவி வருகிறது. அண்டை வீட்டானுடைய நாய் வேலி தாண்டி வந்து ஓர் ஆட்டைக் குதறிவிடுமானால், ஆட்டுக்காரன் நியாயஸ்தலத்துக்குச் சென்று, கடித்தது நாய், செத்தது ஆடு, நாய்க்கு உடையவன் இன்னான் என்னும் மூன்றை மெய்ப்பித்தால் போதும், நஷ்டஈடு கிடைத்துவிடும். அதே நாய் அதே வேலியைத் தாண்டி வந்து அவனுடைய குழந்தையைக் கடித்துவிடுமானாலோ, இம் மூன்றோடு நான்காவதாக ஒன்றையும் அவன் மெய்ப்பிக்க வேண்டும்: அந்த நாய் கடிக்கும் சுபாவமுடையது என்பதை உடையவன் முன்னரே அறிந்திருந்தான் என்பதே அது. ஆட்டுக்கு வேண்டாத சாட்சியம் குழந்தைக்கு ஏன் வேண்டப்பட்டது என்னும் வினாவுக்கு விடை தேடிப் புறப்படுவோன், ஆங்கில நாட்டின் எல்லையைக் கடந்து, நாலாயிரம் ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த தொலைவு பின்னே செல்ல நேர்கிறது.

பிராணிகளால் விளையும் கேட்டுக்கு உடையவன் பொறுப்பாவது குறித்துச் சட்ட நூலாசிரியர் பலர் ஒரு நேர்கோட்டு வரலாறு கூறுவர். ஆதியிலே மனிதர் பிராணியையே குற்றவாளியாகக் கருதித் தண்டித்தனர்; பின்னர் உடையவனது குற்றத்தை நாடினர்; இறுதியில் குற்றம் உண்டோ இல்லையோ, அபாயத்தை உண்டாக்கியவனே அதன் பலனைச் சுமக்கட்டும் என்று கண்டனர் என்பது அதன் சாரம். கேட்பதற்கு இனிமையான கதைதான். ஆயினும், கிடைத்துள்ள சாசனங்கள் அதற்கு இசையவில்லை. உடையவனது அறிவைக் கேட்கும் விதி மிகப் பழமையானது. அறிவைக் கேளாத விதியும் ஏறக்குறைய அவ்வளவே பழமையானது. இவ்விரண்டும் ஒன்றையொன்று விலக்கியும் மறுபடி தழுவியும் வந்ததே உண்மை வரலாறு.

பாக்தாத் நகரின் புறத்தேயுள்ள தெல் ஹர்மல் என்னும் மண்மேட்டை, 1945 ஆம் ஆண்டு தொடங்கி ஈராக்கியத் தொல்பொருள் இலாகாவினர் தாஹா பாக்கிர் என்னும் அறிஞரின் தலைமையில் அகழ்ந்தபோது, எஷ்நுன்னா இராச்சியத்தின் சட்டங்கள் பொறித்த களிமண் பலகைகள் கிடைத்தன. ஆல்பிரெக்ட் கோட்ஸே அவற்றைப் படித்து 1948 இல் உலகுக்கு அறிவித்தார். ஹம்முராபியின் புகழ்பெற்ற கற்றூணினும் அவை சிறிது முற்பட்டவை. முட்டும் மாடு, கடிக்கும் நாய், சாயும் சுவர் என்னும் மூன்றும் அவற்றில் அடுத்தடுத்து வருகின்றன. நாய் வெறிகொண்டது என்று பேட்டை அதிகாரிகள் உடையவனுக்கு அறிவித்திருந்தும், அவன் அதைக் கட்டிக் காவாமல் விட, அது ஒருவனைக் கடித்து அவன் இறந்துபட்டால், உடையவன் 40 ஷேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுக்க வேண்டும். இறந்தவன் அடிமையாயின் 15 ஷேக்கல். ஒரு ஷேக்கல் எட்டு கிராமுக்குச் சற்று மேற்பட்டதாதலின், ஒரு சுதந்திர மனிதனின் உயிருக்கு விலை ஏறத்தாழ 330 கிராம் வெள்ளி என்றாகிறது. சாயுந் தறுவாயிலுள்ள சுவரைப் பற்றியும் அதிகாரிகள் அறிவித்திருந்து, உடையவன் செப்பனிடாமையால் அது வீழ்ந்து ஒருவனைக் கொன்றால், அது வெள்ளியோடு தீரும் விவகாரமன்று; உயிர் சம்பந்தப்பட்டதாகையால் அரசனது ஆணைக்கே விடப்படுவது.

இங்கே ஆராய்வோன் சற்று நின்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. மாடும் நாயும் உயிருள்ளவை, சுவரோ சடம். எனினும் மூன்றையும் ஒரே அச்சில் வார்த்த சட்டகாரனுக்கு, பிராணியின் கோபமோ கல்லின் கனமோ பொருட்டாகவில்லை. ‘உனக்குச் சொல்லியாயிற்று, நீ செய்யவில்லை’ என்பதே அவன் கண்ட குற்றம். அன்றியும், உடையவன் மனத்துள் என்ன அறிந்திருந்தான் என்று அவன் தேடவில்லை. பேட்டை அதிகாரிகள் வந்து பகிரங்கமாக அறிவித்ததையே அறிவாகக் கொண்டான். ஒரு மனிதனின் உள்ளத்தை நிரூபிப்பதினும் ஓர் அறிவிப்பை நிரூபிப்பது எவ்வளவோ எளிது என்பதை, பிற்காலத்து ஆங்கில நியாயாதிபதிகளைக் காட்டிலும் அந்தப் பழைய மெசபொத்தேமியர் நன்குணர்ந்திருந்தனர் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஹம்முராபி மாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நாயை விட்டுவிட்டான். விவிலியத்தின் யாத்திராகமமும் அவ்வாறே: முட்டிக் கொன்ற மாடு கல்லெறிந்து கொல்லப்படும், அதன் மாமிசம் உண்ணப்படாது, உடையவன் குற்றமற்றவன். ஆனால் அது முட்டும் வழக்கமுடையது என்று முன்பே அறிவிக்கப்பட்டிருந்தும் கட்டி வைக்காதவனாயின், அவனும் சாவுக்குரியவன், மீட்புப் பணம் விதிக்கப்பட்டாலன்றி.

கிரேக்கத்திலும் ரோமிலும் காற்று வேறு திசையில் வீசிற்று. ஆதென்ஸ் நகரத்துச் சோலோன், கடித்த நாயை மூன்று முழ நீளமுள்ள மரத் தளையைக் கழுத்தில் பூட்டிக் கடிபட்டவனிடம் ஒப்புவித்துவிட வேண்டுமென்று விதித்ததாகப் புளூட்டார்க் எழுதுகிறார். மேலும் கடிக்காதிருக்க அது நல்ல உபாயம் என்று அவர் வியக்கவும் செய்கிறார். மூன்று முழக் கட்டையோடு ஒரு நாயை வீதிவழியே இழுத்துச் சென்ற காட்சியைக் கற்பனை செய்து பார்ப்பவர்க்கு, அந்த உபாயம் நாயைவிட அதை ஒப்புவிக்கச் சென்றவனையே அதிகம் அவமானப்படுத்தியிருக்கும் என்று தோன்றாமலிராது.

ரோமர், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த பன்னிரு பலகைச் சட்டத்திலேயே, நாற்கால் பிராணி ஒன்று செய்த கேட்டுக்கு ‘பவுப்பெரீஸ்’ எனப் பெயரிட்டு அதற்கென ஒரு தனி வழக்கை ஏற்படுத்தினர். உடையவனுக்கு இரண்டே வழிகள்: நஷ்டத்தைக் கொடு, அன்றேல் பிராணியைக் கொடு. அவன் அறிந்திருந்தானா, அசட்டையாயிருந்தானா என்னும் வினாவே எழவில்லை. ஆனால் ரோமரின் கூர்த்த மதி வேறிடத்தில் ஒரு கோடு கிழித்தது. ஒருவன் நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்லும்போது அது தன் மூர்க்கத்தால் அறுத்துக்கொண்டு ஓடிக் கடித்தது என்க. வேறொருவனாயின் அதை இறுகப் பிடித்திருக்கக் கூடுமாயின், அல்லது அவ்வழியே அதைக் கொண்டு சென்றிருக்கவே கூடாதாயின், இப் பவுப்பெரீஸ் வழக்கு பொருந்தாது. பிடித்துச் சென்றவனே தன் குற்றத்துக்காக வேறு வழக்கில் பதில் சொல்லக் கடவன் என்று ரோமச் சட்ட அறிஞர் உல்பியன் கூறுகிறார். பிராணி தானே கெட்டதும், மனிதன் அதைக் கெடவிட்டதும் வெவ்வேறு என்னும் இப்பாகுபாடு, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் வழக்கறிஞர்களுக்குச் சோறு போட்டு வருகிறது.

இவ்விரண்டும் போதாவென்று, சந்தைகளையும் வீதிகளையும் மேற்பார்த்த ஈடைல் என்னும் அதிகாரிகள் மூன்றாவதாக ஒரு கட்டளை பிறப்பித்தனர். ஜனங்கள் நடமாடும் பாதையருகே நாய், பன்றி, கரடி, சிங்கம் ஆகியவற்றை வைத்திருக்கலாகாது. வைத்திருந்து சுதந்திர மனிதன் ஒருவன் இறந்தால், ஜஸ்டீனியனின் நூலிலுள்ளபடி 200 ஸொலிடஸ் பொன். காயமுற்றால் நியாயாதிபதிக்கு நியாயமென்று பட்ட தொகை. வேறு நஷ்டமாயின் இருமடங்கு. நாயையும் சிங்கத்தையும் ஒரே மூச்சில் சொல்லிய அதிகாரியைப் பார்த்து நாம் நகைக்கலாம். ஆனால், பொம்பேயி நகரத்து வீடொன்றின் வாயிலில் பற்களைக் காட்டி நிற்கும் கருநாயின் உருவத்தை வண்ணக் கற்களால் பதித்து, எச்சரிக்கையும் எழுதி வைத்தவன், அந்த அதிகாரியைக் கண்டு நகைத்திருக்க மாட்டான்.

நம் பாரத தேசத்துத் தர்மநூலார் இவ் விவகாரத்தை முற்றிலும் வேறொரு கோணத்தில் நோக்கினர் என்பது, மேனாட்டு நூல்களில் பெரும்பாலும் இடம்பெறாத செய்தி. 1909 இல் மைசூரில் சாமா சாஸ்திரியார் பதிப்பித்த கௌடிலீய அர்த்தசாஸ்திரமும், யாக்ஞவல்கிய ஸ்மிருதியும் ஏறக்குறைய ஒரே விதியைக் கூறுகின்றன. கொம்புள்ள பிராணியாலோ கோரைப்பல் உள்ள பிராணியாலோ ஒருவன் துன்புறுகையில் அவனை விடுவிக்காத உடையவனுக்கு முதற் சாகஸ தண்டம். துன்புற்றவன் கூவியழைத்தும் வாராதிருந்தானாகில் அது இருமடங்கு. பிராணியின் பூர்வ சரித்திரத்தை இவர்கள் கேட்கவில்லை; உடையவனுக்கு முன்னரே அறிவிப்புச் சென்றதா என்றும் வினவவில்லை. கடி நிகழ்ந்துகொண்டிருந்த அந்தக் கணத்தில் நீ என்ன செய்தாய் என்பதே கேள்வி. உடையவன் ஒருவன் குரலுக்கே அந்த நாய் அடங்கும் என்பதைக் கிராமத்து வீதியில் நடந்து பழகிய எவரும் அறிவர். திண்ணையில் உட்கார்ந்துகொண்டு ‘ஒன்றும் செய்யாது, போங்கள்’ என்று மட்டும் சொல்லும் மனிதர்களை நினைத்துத்தான் இவ்விதி இயற்றப்பட்டதோ என்று ஐயுறவும் இடமுண்டு.

இனி ஆங்கில தேசத்துக்கு வருவோம். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்பிரட் மன்னன் தொகுத்த சட்டத்தில் நாய்க்கடிக்கு ஒரு படிமுறை விலைப்பட்டியலே காணப்படுகிறது. முதற் கடிக்கு 6 ஷில்லிங். அதன் பின்னும் உடையவன் அதற்கு உணவிட்டு வந்தானாயின் இரண்டாம் கடிக்கு 12. மூன்றாம் கடிக்கு 30. நாய் ஓடி மறைந்துவிட்டாலும் ஈடு கொடுத்தே தீரவேண்டும். முதற் கடியே இலவசமன்று என்பதும், அறிந்து வைத்திருத்தலின் அடையாளம் சோறிடுதலே என்பதும் இதில் கவனிக்கத்தக்கவை. உணவிட்டவனே உடையவன் என்னும் இந்த எளிய அளவுகோலை ஆங்கிலேயர் பின்னர் மறந்தனர். அது வேறொரு தேசத்தில், ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்து, எதிர்பாராத வேடத்தில் மறுபடி தோன்றுவதை இக்கட்டுரையின் இறுதியில் காண்போம்.

மத்திய காலத்தில் ஆங்கில அரசரின் நியாயஸ்தலங்கள் வழக்குகளுக்கு இலத்தீன் மொழியில் அச்சுவார்த்த வாசகங்களைக் கையாண்டன. அவற்றுள் ஒன்று, ஆடுகளைக் கடித்துப் பழகிய நாயை உடையவன் ‘அறிந்தே’ வைத்திருந்தான் என்று முறையிட்டது. ‘அறிந்தே’ என்பதற்குரிய ‘ஸயென்டர்’ என்னும் இலத்தீன் சொல்லே இவ்வகை வழக்குகளுக்கு என்றைக்குமான பெயராகிவிட்டது. ஆட்டைக் குறித்துப் பிறந்த இச்சொல், பின்னர் ஆட்டை விடுவித்துவிட்டு மனிதனை மட்டும் பற்றிக்கொண்டது விதியின் விளையாட்டு. கடிபட்டு இறந்தவன் விஷயத்தில் மற்றொரு பழைய வழக்கமும் உடன் நடந்து வந்தது: ஒருவன் உயிரைப் போக்கிய பிராணியோ வண்டியோ ‘டியோடாண்டு’ எனப்பட்டு, அதன் மதிப்பு அரசனுக்குச் சேர்ந்தது. இறந்தவன் குடும்பத்துக்கு அதில் சல்லிக்காசும் உரித்தன்று.

ஸயென்டர் விதிக்குத் தத்துவ வடிவம் கொடுத்தவர் தலைமை நீதிபதி ஸர் ஜான் ஹோல்ட். 1699 ஆம் ஆண்டு மேசன் எதிர் கீலிங் என்னும் வழக்கில், தெருவில் திரிந்த காவல்நாய் ஒன்று வாதியின் காலைக் கடித்துவிட்டது. ஆனால் பிரதிவாதி அதன் கெட்ட சுபாவத்தை அறிந்திருந்தான் என்று வாதி தன் முறையீட்டில் கூறத் தவறினான். சிங்கம் கரடி முதலியவை இயற்கையிலேயே கொடியவை. அவற்றை வைத்திருப்பவன் தன் அபாயத்திலேயே வைத்திருக்கிறான். நாயோ மனிதனோடு பழகும் பிராணி. ஆகவே அது கடிக்கும் என்பதைச் சட்டம் தானாக அனுமானிக்காது என்பது ஹோல்ட் எடுத்த நிலை. ரோம அதிகாரிகள் ஒரே வரிசையில் நிறுத்திய நாயும் சிங்கமும் இங்கே பிரிந்தன. நாயின் நற்குணத்தைச் சட்டம் இவ்வாறு முன்கூட்டியே ஒப்புக்கொண்டதன் செலவு முழுவதும் முதன்முதலாகக் கடிபட்டவன் தலையில் விழுந்தது.

ஆயினும், இரண்டாம் முறை கடிபட்டவனிடம் ஆங்கில நியாயாதிபதிகள் தாராளமாகவே நடந்துகொண்டனர். 1746 இல் ஸ்மித் எதிர் பெலா வழக்கில் தலைமை நீதிபதி லீ, ஒருமுறை கடித்ததென்று அறிந்தும் அந்த நாயை வாயிலில் படுக்க விட்டவன், வந்தவன் அதன் காலை மிதித்ததனாலேயே அது கடித்ததென்றாலும் பொறுப்பாளியே என்றார். முதல் அறிவிப்பு வந்தபோதே அதைத் தூக்கிலிடாதது அவன் குற்றமன்றோ என்பது அவர் கூறிய காரணம். 1830 இல் ஸார்ச் எதிர் பிளாக்பர்ன் வழக்கில் மற்றொரு நுட்பம் எழுந்தது. நாய் உண்டு, ஜாக்கிரதை என்னும் பலகை வைக்கப்பட்டிருந்தது. வாதிக்கோ எழுத்து வாசிக்கத் தெரியாது. வாசிக்க அறியாதவனுக்குப் பலகை எச்சரிக்கையாகாது என்று தலைமை நீதிபதி டிண்டல் கண்டார். நம் ஊர்களில் வாயிலுக்கு வாயில் தொங்கும் ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகையின் இரட்டைத் தன்மையும் இங்கே புலனாகும். வருவோனுக்கு அது எச்சரிக்கை. அந்நாய் கடிக்கக் கூடியது என்பது எனக்குத் தெரியும் என்று உடையவன் தானே எழுதித் தொங்கவிட்ட வாக்குமூலமும் அதுவே.

1846 ஆம் ஆண்டு இவ் வரலாற்றில் ஒரு சந்தி. அவ்வாண்டில் டியோடாண்டு வழக்கம் பார்லிமெண்டால் ஒழிக்கப்பட்டது. இருப்புப்பாதை வண்டிகள் மனிதரைக் கொல்லத் தொடங்கியபின் இயந்திரத்தின் விலையையே அபராதமாக விதிக்கலாம் என்ற அச்சம் கம்பெனிக்காரரைப் பிடித்துக்கொண்டதே அதற்கு மூல காரணம். அவ்வாண்டிலேயே மே எதிர் பர்டெட் என்னும் வழக்கில், வளர்ப்புக் குரங்கு ஒன்று ஒரு பெண்மணியைக் கடித்த விஷயத்தில், அதன் துஷ்ட சுபாவத்தை அறிந்து வைத்திருந்தவன் அசட்டையாயிருந்தான் என்று வேறு நிரூபிக்க வேண்டியதில்லை, வைத்திருந்ததே போதும் என்று தீர்ப்பாயிற்று. ஆக, அறிவு என்னும் ஒரே வாயிலைக் கடந்துவிட்டால் உள்ளே தடையேதுமில்லை. கடக்காவிட்டாலோ, அசட்டையைத் தனியே நிரூபித்தாலன்றி, ஒன்றுமேயில்லை.

இந்த வாயிலை முதலில் உடைத்தவை ஆடுகளே. ஸ்காட்லாந்தில் ஒரு நாய் ஆடுகளைக் குதறிய வழக்கு, பிளெமிங் எதிர் ஓர் என்னும் பெயரால் 1855 இல் பிரபுக்கள் சபைக்குச் சென்றது. எடின்பரோ நீதிமன்றத்தில் காக்பர்ன் பிரபு, ஒவ்வொரு நாயும் ஒரு முறையாவது குதறிக்கொள்ளும் உரிமை உடையது என்றாகிவிடுமே என்ற கருத்தில் ஆங்கில விதியைப் பரிகசித்தார். பிரபுக்கள் சபையோ அந்த ஆங்கில விதியையே ஸ்காட்லாந்துக்கும் விதித்தது. ஆட்டு மந்தைக்காரர் சும்மாயிருக்கவில்லை. 1862 இல் அயர்லாந்துக்கும், 1863 இல் ஸ்காட்லாந்துக்கும், 1865 இல் இங்கிலாந்துக்கும் சட்டங்கள் பிறந்தன. ஆட்டையோ மாட்டையோ நாய் கடித்தால் அறிவும் வேண்டா, அசட்டையும் வேண்டா. உடையவன் கொடுக்கக் கடவன். 1869 இல் குதிரையும் ‘மாடு’ என்னும் சொல்லில் அடங்கும் என்று நியாயஸ்தலம் கருணை காட்டிற்று. 1906 இல் கழுதை, வெள்ளாடு, பன்றி ஆகியவை சேர்ந்தன. 1928 இல் கோழிக்கும் வாத்துக்கும் அந்தப் பாதுகாப்பு நீட்டப்பட்டது. மனிதன் மட்டும் வெளியே நின்றான்.

இதற்குக் காரணம் கல் நெஞ்சம் என்று கூறுவது எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. அந்நாளைய பார்லிமெண்டில் நிலக்கிழார்களின் குரல் ஓங்கியிருந்ததென்பதும், கடிபடுவோரிற் பெரும்பாலார் வீதியிலே விளையாடும் ஏழைச் சிறுவரும் கதவு கதவாய்ச் செல்லும் தபால்காரருமே என்பதும் ஒரு காரணந்தான். எனினும் வேறொன்றும் உண்டு. ஆட்டுக்குச் சந்தையில் விலை உண்டு. குதறப்பட்ட ஆடு இத்தனை பவுன் என்று கணக்கிட்டுவிடலாம். இதன்மேலும், நாய் ஆட்டைத் துரத்துவது அதன் இரத்தத்திலேயே ஊறிய இயல்பு என்பதை இடையருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதே நாய் மனிதனைக் கடிப்பதை மட்டும் ஹோல்ட் காலத்திலிருந்து சட்டம் ஒரு விபரீதமாகவே கருதி வந்தது. கடித்த நாயைக் கட்டுக்குள் வைக்கவோ கொல்லவோ மாஜிஸ்திரேட்டு உத்தரவிடலாமென்று 1871 ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்திய வழி மனிதனுக்கும் பயன்பட்டது. ஆனால் அது வருங்காலத்துக்குக் காப்பேயன்றி வந்த காயத்துக்கு ஈடன்று.

காட்டார்டு பிரபுவின் தலைமையில் அமைந்த குழு 1953 இல் ஸயென்டர் விதியையே ஒழித்து, சாதாரண அசட்டை விதியின் கீழ்ப் பிராணிகளையும் கொண்டுவரலாம் என்றது. 1967 இல் சட்டக் கமிஷன் அதற்கு மாறாகக் கடும்பொறுப்பைக் கைவிடலாகாது என்றது. இவ்விரண்டின் விளைவாக 1971 இல் பிறந்த பிராணிகள் சட்டத்தில், கால்நடையைக் கடித்த நாய்க்கு மூன்றாம் பிரிவும், மனிதனைக் கடித்த நாய்க்கு இரண்டாம் பிரிவும் அமைந்தன. மூன்றாம் பிரிவு ஒரே வாக்கியம், சிறுவனும் படித்துணரலாம். இரண்டாம் பிரிவோ, கேடு எத்தகையது, அது அப்பிராணியின் எந்தக் குணத்தால் விளைந்தது, அக்குணம் அவ்வினத்துக்கு இயல்பா அன்றிக் குறித்த வேளைகளில் மட்டும் தோன்றுவதா, அதை வைத்திருப்பவன் அறிந்திருந்தானா என்று சுற்றிச் சுற்றிச் செல்வது. 1976 இல் கிழக்கு லண்டனில் பழைய மோட்டார்களை உடைக்கும் முற்றம் ஒன்றில் அவிழ்த்துவிடப்பட்டிருந்த அல்சேஷியன் நாய், உள்ளே நுழைந்த பெண்ணைக் கடித்த வழக்கில், டென்னிங் பிரபுவே இப்பிரிவின் நடை கரடுமுரடானது என்று சலித்துக்கொண்டார். அவ் வழக்கில் பெண்ணுக்கு ஈடு கிடைக்கவில்லை. நாய் உண்டென்று அறிந்தே நுழைந்தாள் என்பது முடிவு. உடையவனுடைய அறிவைத் தேடிப் புறப்பட்ட சட்டம், கடிபட்டவளுடைய அறிவைக் கண்டு திரும்பி வந்தது. 2003 இல் பிரபுக்கள் சபையின் ஐவருள் மூவர் ஒரு பக்கமும் இருவர் மறு பக்கமுமாகப் பிரிந்தே, வழக்கத்துக்கு மாறான வேளையில் மட்டும் தோன்றும் குணமும் இப்பிரிவில் அடங்கும் என்று தீர்மானமாயிற்று. அது நாயன்று, வெருண்டு ஓடிய குதிரை.

அண்டை நாடுகள் இந்தச் சிக்கலை நெடுநாள் சகிக்கவில்லை. அயர்லாந்துக் குடியரசு 1986 இல், மனிதனைத் தாக்கிய நாய்க்கும் அறிவு வேண்டா என்று சட்டமியற்றிற்று. மறு ஆண்டில் ஸ்காட்லாந்து, நாய் கடிக்கக் கூடிய பிராணியே என்று சட்டத்திலேயே கருதிக்கொள்வதென முடிவு செய்தது. காக்பர்ன் பிரபுவின் பரிகாசம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்துச் சட்டமாயிற்று.

ஐரோப்பாக் கண்டத்தில் ரோம மரபு வேறு வழியாக வளர்ந்தது. 1804 ஆம் ஆண்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1385 ஆம் பிரிவு, பிராணிக்கு உடையவனோ அதைப் பயன்படுத்துவோனோ, அது தன் காவலில் இருந்தாலும் தப்பியோடியிருந்தாலும், அது செய்த கேட்டுக்குப் பொறுப்பாளி என்று நேராகக் கூறிற்று. தன்மீது அசட்டையில்லை என்று காட்டித் தப்ப இயலாது என்பதை 1885 இல் பாரிஸ் உயர் நியாயஸ்தலம் உறுதிப்படுத்தியது. வெறிநாய் கடித்த சிறுவனுக்குப் பாஸ்டர் தம் ஊசியை முதன்முதலிற் போட்டதும் அவ்வாண்டிலேதான். 1900 முதல் நடப்பிலுள்ள ஜெர்மானியச் சட்டத்தின் 833 ஆம் பிரிவும் முதலில் அவ்வளவு கடுமையாகவே இருந்தது. 1908 இல், பிழைப்புக்கு உதவும் பிராணியாயின் தக்க கவனம் எடுத்ததைக் காட்டித் தப்பலாம் என்று குடியானவருக்காகத் தளர்த்தப்பட்டது. ஆதலால் ஜெர்மனியில் மந்தைக் காவல்நாயின் கடி வேறு, மடியில் வளரும் நாயின் கடி வேறு.

ஆங்கில, பிரெஞ்சு, ரோமன்-டச்சு மரபுகள் மூன்றும் தமிழ் வழங்கிய கரையிலேயே சந்தித்தன என்பது நம்மவர் அதிகம் எண்ணிப் பாராத செய்தி. பிரெஞ்சு சிவில் சட்டம் 1819 இல் புதுச்சேரிக்கு வந்தது. அங்கிருந்து அரைநாள் நடைத் தொலைவிலுள்ள கடலூரில் ஆங்கிலேயரின் நியாயஸ்தலங்கள் இலண்டன் தீர்ப்புக்களை வழிகாட்டியாகக் கொண்டன. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலோ, சொத்து விஷயங்களில் தேசவழமை ஆண்டபோதிலும், டச்சுக்காரர் விட்டுச்சென்ற ரோமன்-டச்சுச் சட்டமே தீவின் பொதுச் சட்டமாக ஆங்கிலேயர் காலத்திலும் நீடித்தது. ஒரே மொழி பேசுவோரின் ஒரே வகைத் தெருநாய், ஹோல்டின் விதிக்கும் நெப்போலியனின் விதிக்கும் உல்பியனின் விதிக்கும் அருகருகே உட்பட்டிருந்த காலம் அது. அதே ரோமன்-டச்சு மரபைத் தாங்கிய தென்னாப்பிரிக்காவில், 1927 ஆம் ஆண்டு அந்நாட்டு மேல்முறையீட்டு மன்றம், நாய்க்கடி வழக்கொன்றில் பழைய பவுப்பெரீஸ் வழக்கு இறந்துபடவில்லை, உயிரோடிருக்கிறது என்று விரிவாக ஆராய்ந்து தீர்த்தது.

அமெரிக்காவைக் குறித்துச் சுருங்கச் சொன்னாற் போதும். கலிபோர்னியா 1931 இல் அறிவு வேண்டும் என்ற விதியைச் சட்டத்தால் நீக்கியது; பல மாநிலங்கள் அவ்வழியே சென்றன. நியூயார்க்கோ, அசட்டை வழக்கைக்கூட அனுமதியாமல் அறிவு ஒன்றையே பற்றிக்கொண்டிருந்து, 2025 ஏப்ரலிலேதான் கடிபட்ட தபால் ஊழியர் ஒருவர் வழக்கில் அப் பிடியைத் தளர்த்திற்று.

இந்தியாவில் சட்டசபை இயற்றிய விதி குற்றவியலிலேயே தங்கிவிட்டது. 1837 இல் மெக்காலே நகல் வரைந்து, 1860 இல் சட்டமாகி, 1862 இல் அமலுக்கு வந்த தண்டனைச் சட்டத்தின் 289 ஆம் பிரிவு, தன் வசமுள்ள பிராணியால் மனித உயிருக்கு அபாயமோ கொடுங்காயமோ நேராதபடி அடக்கி வைக்க ‘அறிந்தோ அசட்டையாகவோ’ தவறியவனுக்கு ஆறு மாதச் சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ விதித்தது. ஆங்கிலேயரின் சிவில் வழக்கில் சண்டையிட்டுக்கொண்டிருந்த இரு சொற்களையும் ‘அல்லது’ என்னும் ஓர் இடைச்சொல்லால் மெக்காலேயின் மரபு அருகருகே உட்கார வைத்துவிட்டது. அன்று ஆயிரம் ரூபாய் பெருஞ்செல்வம். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அத்தொகை அசையாதிருந்து, அச்சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த நியாய சம்ஹிதையின் 291 ஆம் பிரிவில் ஐயாயிரமாயிற்று. அது அரசாங்கக் கஜானாவுக்குச் செல்வதேயன்றிக் கடிபட்டவன் கைக்கு வருவதன்று.

ஆனால் இந்நாட்டில் கடிக்கும் நாய்களிற் பலவற்றுக்கு உடையவனே இல்லை. நாலாயிரம் ஆண்டுச் சட்டமும் ‘இது யாருடைய நாய்?’ என்னும் வினாவோடு தொடங்கியதாகையால், விடையில்லாத நாயின் முன் அது திகைத்து நிற்பது இயல்பே. 2023 நவம்பரில் பஞ்சாப்-ஹரியாணா உயர் நீதிமன்றம், தெருப் பிராணிகளால் விளையும் கேட்டுக்கு முதற்கண் இராஜ்யமே பொறுப்பென்று கூறி, நாய்க்கடிக்குப் பல் பதிந்த ஒவ்வொரு தடத்துக்கும் குறைந்தது பதினாயிரம் ரூபாய், சதை பிய்ந்த காயத்துக்கு 0.2 சென்டிமீட்டருக்கு இருபதினாயிரம் என்று அளவிட்டது. எஷ்நுன்னாவின் நிறைகோலும் ஆல்பிரடின் விலைப்பட்டியலும் சண்டிகாரில் மறுபடி அரங்கேறின. அறிவித்தும் அசையாத உடையவனின் இடத்தில் இப்போது நகரசபை நிற்கிறது. பேட்டை அதிகாரிகள் தமக்குத் தாமே அறிவித்துக்கொள்ள வேண்டிய நிலை.

இதற்கிடையே 2022 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளை, தெருநாய்களுக்குச் சோறிட விரும்புவோர் அவற்றை முறைப்படி தத்தெடுத்துத் தம் வீட்டிலேயே வைத்துச் சோறிட வேண்டுமென்று உத்தரவிட்டது. ஆல்பிரட் மன்னனின் பழைய அளவுகோல் அது; ஆனால் அந்த மன்னன் கண்டிராத வகையில், தன்னதல்லாத நாய்க்குத் தர்மமாகச் சோறிடும் மனிதர் மீது அது வீசப்பட்டது. அடுத்த மாதமே சுப்ரீம் கோர்ட் அவ்வாறு தத்தெடுக்கும்படி எவரையும் வற்புறுத்தலாகாதென்று அதை நிறுத்தி வைத்தது. 2025 ஆகஸ்டில், தில்லியின் நாய்களையெல்லாம் காப்பகத்துக்குக் கொண்டுசெல்ல இரு நீதிபதிகள் இட்ட உத்தரவை, மூவர் அமர்ந்த அதே மன்றம் பதினொரு நாட்களில் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்தபின், வெறிநோயுற்றவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னபோது, சோறிடுவதற்கென்று வார்டு தோறும் தனி இடங்கள் குறிக்கப்பட வேண்டும் என்றும் கூறிற்று. அவ்விடத்தில் நாள்தோறும் சோறிடுகிறவர், அந்த நாய் ஒருவனைக் கடித்தால், அறிந்து வளர்த்தவராவாரா, வெறும் தர்மவானா என்பதை அவ் வுத்தரவு சொல்லவில்லை.